உங்களுக்குத் தெரியுமா? வெடிமருந்தை மிஞ்சும் நெய்!

ஒரு கிராம் டி.என்.டி. வெடித்தால் வெளிவரும் வெப்பம் சுமார் 1 கிலோகலோரி. ஒரு கிராம் நெய் எரிந்தால் சுமார் 9! ஆனாலும் நெய் ஜாடி வெடிப்பதில்லை. நெய்க்கு வேண்டிய ஆக்சிஜன் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்கிறது. டி.என்.டி. தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. வெடிப்பு அதனூடே நொடிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துவிடும்.

இந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வேதிப் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் கிடைக்கும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தவறு. உடைப்பது செலவு, புதிதாகப் பிணைவதுதான் வரவு. இரண்டு மோல் ஹைட்ரஜன், ஒரு மோல் ஆக்சிஜன் இவற்றின் பிணைப்புகளை உடைக்க 1,370 கிலோஜூல் செலவு. நீராவி உருவாகும்போது வரவு 1,852. மிச்சம் 482 கிலோஜூல்தான் சுடராகச் சுடுகிறது.

இதைவிட ருசியான கணக்கு சுண்ணாம்பில் இருக்கிறது. 100 கிராம் சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் சுட்டால் 178 கிலோஜூல் உள்ளே போகிறது (வீணாகும் விறகு தனிக்கணக்கு). சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதிக்குமே, அப்போது 65 திரும்பிவிடும். மீதி 113 எங்கே? சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அப்போது அதுவும் வந்துவிடுகிறது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கசிவதால் சுவரைத் தொட்டாலும் தெரியாது.

ஒரு வினை எத்தனை படிகளில் நடந்தாலும் மொத்த வெப்பக் கணக்கு மாறாது என்று 1840-இல் சொன்னவர் ஹெஸ். ஜெனிவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பணியாற்றிய வேதியியலாளர். ஆற்றல் அழியாது என்ற கருத்தை மேயர் என்ற அறிஞர் அச்சில் கொண்டுவந்ததே 1842-இல்தான்! இன்று பாடநூல்கள் என்தால்பி என்று சொல்லும் கணக்குக்கு அடித்தளம் ஹெஸ் போட்டதுதான்.

வெப்பத்தை உமிழும் வினைதான் தானாக நடக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ அடித்துச் சொன்னார். விளையாட்டு வீரர்களின் முதலுதவிப் பெட்டியில் இருக்கும் உடனடிக் குளிர் பொட்டலம் அதைப் பொய்யாக்குகிறது. உள்ளிருக்கும் தண்ணீர்ப் பையை அழுத்தி உடைத்தால் அம்மோனியம் நைட்ரேட் தானாகவே கரைகிறது. மோலுக்கு 26 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கிச் சில்லிட வைக்கிறது. காரணம் என்ட்ரோபி, அதாவது துகள்கள் சிதறிப் பரவும் போக்கு.

வெப்பம் உமிழும் வினையையே ஆயுதமாக்கிய உயிரும் உண்டு. பாம்பார்டியர் வண்டு ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வயிற்றில் ஓர் அறையில் சேமிக்கிறது. எதிரி நெருங்கினால் கலவை பக்கத்து அறைக்குப் போகும். அங்கே காத்திருக்கும் நொதிகள் பட்டதும் 100 டிகிரி செல்சியசில் ‘பட்’டென்று பீய்ச்சியடிக்கும்!