பெர்லினில் இரண்டு கல் நடை

ஒரு நாட்டின் தலைநகருக்கு விருந்தினர் வருகின்றனர். அவர்களுக்கு எதைக் காட்டுவது? அரண்மனையைக் காட்டலாம்; அரசன் அமர்ந்த ஆசனத்தைக் காட்டலாம்; போரில் வென்றதற்கு எழுப்பிய வளைவைக் காட்டலாம்; வீரன் ஏறிய குதிரையை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தி, அண்ணாந்து பாருங்கள் என்று சொல்லலாம். பாரிசு அப்படித்தான் காட்டுகிறது. லண்டனும் அப்படித்தான். வந்தவர்களும் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலியோடு ஊர் திரும்புகின்றனர். ஆனால் பெர்லின் இருக்கிறதே, அந்த நகரம் தன் விருந்தினரைக் குனிந்து பார்க்கச் சொல்கிறது!

குனிந்தால் தெரிவது என்ன? வீட்டு வாயிலுக்கு முன்னால், நடைபாதைக் கற்களுக்கு நடுவில், உள்ளங்கை அளவில் ஒரு பித்தளைத் தகடு. 10 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம். அதில் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, பிடித்துச் சென்ற ஆண்டு, கொன்ற இடம். இந்த வீட்டில் இவர் வாழ்ந்தார் என்று சொல்லும் தகடு அது. இடறு கற்கள் என்று அவற்றுக்குப் பெயர். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய பணி. பெர்லினில் 1996ல் அவர் முதன்முதலாக இக்கற்களைப் பதித்தபோது அரசின் அனுமதி பெறவில்லை. அனுமதி பிறகுதான் வந்தது. 2023ல் ஐரோப்பா முழுவதுமாகப் பதித்த கற்களின் தொகை 1,00,000ஐ எட்டிவிட்டது. அனுமதி இன்றிப் பதித்தார் என்பதை நினைவில் வையுங்கள். இந்த நடையில் மேலும் இரண்டொரு இடத்தில் அது நமக்குத் தேவைப்படும்.

நடைச் சுற்றுலா பெர்லினில் அன்றாடக் காட்சி. காலையில் பிராண்டன்பர்க் வாயிலின் முன்னால் போய் நின்றால், குடையை உயர்த்திப் பிடித்தபடி ஆள் சேர்க்கும் வழிகாட்டிகளைக் காணலாம். இரண்டு மணி, மிஞ்சினால் இரண்டரை மணி நேரம். தொலைவு ஏறத்தாழ இரண்டு கல். இலவசம் என்று விளம்பரம் சொல்லும்; முடிவில் மனம்போல் கொடுங்கள் என்பார்கள். இலவசம் என்ற சொல்லுக்குள் யாருடைய உழைப்பு ஒளிந்து கிடக்கிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டல்லவா? அந்த ஏற்பாட்டில் வழிகாட்டிக்குச் சம்பளம் கிடையாது. வருகிறவர் போடும் காசுதான் கூலி. அதிலும் தலைக்கு இவ்வளவு என்று ஆள் சேர்த்துக் கொடுத்தவருக்குக் கட்ட வேண்டிய முறை சில இடங்களில் உண்டு. மழை வந்து கூட்டம் பாதியில் கலைந்துவிட்டால், தொண்டை வறளப் பேசியவர் கைக்காசை இழந்து வீடு போவார். முன்கூட்டியே கட்டணம் சொல்லி அழைத்துப் போகும் நடைகளும் உண்டு. நான் அவற்றின் பக்கம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வியன்னாவில் வழிகாட்டி ஆவதற்குத் தேர்வு எழுதித் தேற வேண்டும். ஜெர்மனியில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆகவே, வரலாற்றைக் கரைத்துக் குடித்தவரும் உங்களுக்கு வாய்க்கலாம். நேற்று ஏட்டில் படித்ததை இன்று ஒப்பிப்பவரும் வாய்க்கலாம்.

பிராண்டன்பர்க் வாயில் 1791ல் கட்டி முடிந்தது. அதன் உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர். 1806ல் நெப்போலியன் இந்த வாயில் வழியாக நுழைந்தான். தேரைக் கழற்றிப் பாரிசுக்கு அனுப்பினான். 1814ல் பாரிசு வீழ்ந்தது. தேர் திரும்பி வந்தது. வாயிலின் முன்னால் உள்ள திடலுக்குப் பாரிசுத் திடல் என்று பெயர் வைத்தார்கள்! 1933 சனவரி 30 இரவு, இட்லர் ஆட்சிக்கு வந்த களிப்பில் தீவட்டி ஏந்திய படை இதே வாயிலின் வழியே நடந்தது. 1961 முதல் 1989 வரை இதன் முன்னால் சுவர் நின்றது. ஒரே வாயில், எத்தனை ஊர்வலம்!

வாயிலுக்கு வடக்கே சில எட்டுகள் வைத்தால் நாடாளுமன்றக் கட்டடம். 1999ல் அமைத்த கண்ணாடிக் குவிமாடத்தைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அரசியலில் நாட்டம் உள்ளவர்கள் அந்தக் கட்டடத்தின் முன்னால், தரையில் வரிசையாக நிறுத்தியிருக்கும் 96 பலகைகளைப் பார்க்க வேண்டும். நாஜிகள் கொன்ற உறுப்பினர்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயர், கட்சி, மடிந்த இடம். பெரும்பாலோர் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லது சமூக ஜனநாயகக் கட்சியினர். உயிரோடு இருந்தபோது இவ்விரு கட்சியினரும் எலியும் பூனையுமாக இருந்தனர். ஒருவரை ஒருவர் முதல் எதிரி என்றனர். 1933 பிப்ரவரி 27ல் மன்றம் தீப்பற்றி எரிந்தது. மார்ச் 23ல், இட்லருக்கு எல்லா அதிகாரமும் அளிக்கும் சட்டத்தின்மீது வாக்கெடுப்பு நடந்தது. பொதுவுடைமையர் உள்ளே வரவே முடியவில்லை. எதிர்த்து விழுந்த வாக்குகள் 94. அத்தனையும் சமூக ஜனநாயகருடையவை. ஆதரித்தவை 444. மேடையில் சேராதவர்களின் பெயர்கள் இன்று பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

வாயிலுக்குத் தெற்கே, தலைநகரின் நடு நெஞ்சில், 19,000 சதுர மீட்டர் பரப்பில் 2,711 கான்கிரீட் பாளங்கள். கொலையுண்ட யூதர்களின் நினைவிடம். கட்டடக் கலைஞர் பீட்டர் ஐசன்மன் வடித்தது, 2005ல் திறந்தனர். ஓரத்தில் முழங்கால் உயரம். உள்ளே போகப் போகத் தரை தாழ்கிறது, பாளம் உயர்கிறது. தலைக்கு மேல் எழும்பிவிடுகிறது. உடன் வந்தவர் எங்கே என்று தேடுகிறோம். பாளத்தில் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. பெயர்கள் நிலத்தடிக் கூடத்தில். பாளத்தின் மேல் ஏறி நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இருக்கத்தான் செய்வார்கள். கண்டிக்கப் புகுந்தால் அதற்கே நடை போதாது.

அங்கிருந்து சில நிமிடத்தில் ஒரு கார் நிறுத்துமிடம். சுற்றிலும் அடுக்கு வீடுகள். இட்லர் 1945 ஏப்ரல் 30ல் தற்கொலை செய்துகொண்ட நிலவறை இதன் அடியில்தான் இருந்தது. அங்கே மண்டபம் இல்லை, மாலை இல்லை, கல்வெட்டும் இல்லை. வெகுகாலம் அறிவிப்புப் பலகைகூட இல்லை. 2006ல்தான் விளக்கப் பலகை ஒன்றை வைத்தார்கள். கொலையுண்டவர்களுக்கு 2,711 பாளம். கொன்றவனுக்குக் கார் நிறுத்துமிடம். இதைவிடச் சரியான அளவையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஆனால், தோழர்களே, பெர்லினைப் பாராட்டிக்கொண்டே போய்விட முடியாது. அடுத்து வரும் வில்லெம் தெருவில் பெரும்பாலான வழிகாட்டிகளின் நடை விரைகிறது. 1884 நவம்பரில் பிஸ்மார்க் தன் மாளிகையில் ஒரு மாநாடு கூட்டினாரே, அந்த மாளிகை நின்ற தெரு இது. 14 நாடுகள் அமர்ந்தன. ஆப்பிரிக்காவைப் பங்கிடும் விதிகளை 1885 பிப்ரவரி வரை பேசி வகுத்தன. அந்த மேசையில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை! இருபது ஆண்டு கழித்து, இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களை ஜெர்மன் படை பாலைவனத்துக்குள் விரட்டிக் கொன்றது. 1904 முதல் 1908 வரை நடந்த அந்தப் படுகொலையை இனப்படுகொலை என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொண்டது 2021ல். மாநாடு நடந்த இடத்தில் இருப்பது ஒரு விளக்கப் பலகை. நகரத்தின் நடுவில் பாளங்களை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இதற்குப் பலகை போதும் என்று தோன்றியது ஏன்? ஐரோப்பாவில் சிந்திய குருதிக்கு ஒரு நிறையும் ஆப்பிரிக்காவில் சிந்திய குருதிக்கு ஒரு நிறையும் உண்டா என்று வழிகாட்டியைக் கேளுங்கள். நல்ல வழிகாட்டியானால் நின்று பதில் சொல்வார்.

அதே தெருவில் இன்னும் தெற்கே போனால், சாம்பல் நிறத்தில், சன்னல் சன்னலாக நீண்டு கிடக்கும் ஒரு மாபெரும் கட்டடம். இந்த நடையில் எனக்குப் பிடித்த நிறுத்தம் இதுதான். அழகுக்காக அன்று, அழகு அதற்குக் கிடையவே கிடையாது. 1935, 1936 ஆண்டுகளில் கோயரிங்கின் விமானப்படை அமைச்சகத்துக்காகக் கட்டியது. குண்டுவீச்சில் பெர்லின் பொடியானது; இது பெரும்பாலும் தப்பியது. 1949 அக்டோபர் 7ல் இதே கட்டடத்தில்தான் கிழக்கு ஜெர்மனி என்ற அரசு பிறந்தது. தொழிலாளியும் உழவனும் அறிஞனும் கைகோத்துச் சிரித்தபடி நடக்கும் ஒரு நெடிய சுவரோவியத்தை முகப்பில் பதித்தனர். மாக்ஸ் லிங்னர் தீட்டியது. மைசன் பீங்கான் ஓடுகளால் ஆனது. ஓவியம் முற்றுப்பெற்ற ஆண்டு 1953.

அந்த ஆண்டு என்ன நடந்தது? கூலியை உயர்த்தாமல் வேலையின் அளவை மட்டும் 10 விழுக்காடு உயர்த்தினர் ஆட்சியாளர். சூன் 16ல் ஸ்டாலின் பெருஞ்சாலையில் வேலைசெய்த கட்டடத் தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்தனர். மறுநாள் வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. தொழிலாளர் அணிஅணியாக வந்து சேர்ந்த இடம் இந்தக் கட்டடத்தின் வாசல். சுவரில் சிரிக்கும் தொழிலாளி. அவனுக்கு எதிரே சினத்தோடு நிற்கும் தொழிலாளி! சுவரில் இருந்தவனுக்குக் காவல் இருந்தது. தெருவில் நின்றவனை நோக்கிச் சோவியத் டாங்கிகள் வந்தன. நாடு முழுவதும் 50க்கு மேற்பட்டோர் மடிந்தனர். தொழிலாளியின் பெயரால் ஆண்டவர்கள் தொழிலாளியைச் சுட்ட கதை இது. இடதுசாரி இயக்கத்தார் எவரும் இந்த வாசலைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போகக் கூடாது. பீங்கான் ஓவியத்தை இன்றும் எடுக்கவில்லை. அதன் எதிரே, தரையில், 1953ல் ஊர்வலம் வந்த தொழிலாளரின் ஒளிப்படத்தை ஓவியத்தின் அளவுக்கே பெரிதாக்கிக் கண்ணாடிக்கு அடியில் பதித்திருக்கிறார்கள். இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

கட்டடத்தின் கதை அத்தோடு முடியவில்லை. இரு ஜெர்மனியும் இணைந்தபின், கிழக்கின் ஆலைகளைத் தனியாருக்கு விற்ற நிறுவனம் இங்கேதான் குடியேறியது. கிழக்கில் இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். இப்போது நிதி அமைச்சகம். எந்த ஆட்சி வந்தாலும் கட்டடத்துக்கு வேலை இருக்கிறது!

பக்கத்திலேயே இரகசியக் காவல் படையின் தலைமையகம் இருந்த மனை. போருக்குப் பின் இடிபாடுகளை இடித்துத் தள்ளினர், குப்பை கொட்டினர், ஒரு காலத்தில் உரிமம் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பழகும் திடலாகக்கூட இருந்தது. மறந்துவிட வேண்டும் என்பதுதான் அதிகாரத்தின் ஆசை. 1985ல் குடிமக்கள் சிலர் மண்வெட்டியோடு வந்து தோண்டினர். சித்திரவதை நடந்த கட்டடங்களின் அடித்தளத்தை வெளியே கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1987ல் கண்காட்சி, 2010ல் நிலையான கட்டடம். யூதர் நினைவிடமும் 1988ல் குடிமக்கள் எழுப்பிய குரலில்தான் தொடங்கியது. நாடாளுமன்றம் தீர்மானித்தது 1999ல். இடறு கல் அனுமதி இன்றி வந்தது என்றேனே, எல்லாம் அந்த வழியே வந்தவை. ஜெர்மானியர் இயல்பாகவே கழிவிரக்கம் கொண்டவர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கேட்டவர்கள் விடாமல் கேட்டார்கள். அரசு பிறகு கொடுத்தது. கேட்கும் குரல் சிறுத்த இடத்தில் தாமதமும் நீண்டது. சிந்தி, ரோமா மக்களையும் நாஜிகள் கொன்று குவித்தனர். அவர்களுக்குத் தலைநகரில் நினைவிடம் 2012ல்தான்.

மனையின் ஓரத்தில் சுவரின் எச்சம் ஏறத்தாழ 200 மீட்டர் நிற்கிறது. 1961 ஆகஸ்டு 13ல் தொடங்கி மேற்கு பெர்லினைச் சுற்றி எழுந்த 155 கிலோமீட்டர் சுவரின் துண்டு. மற்ற இடங்களில் இருவரிசைக் கல் பதித்துத் தரையில் கோடு போட்டிருக்கிறார்கள். சுவரில் குறைந்தது 140 பேர் மாண்டனர். சிம்மர் தெருவில் ஒரு தூண். 1962 ஆகஸ்டு 17ல், பீட்டர் பெக்டர் என்ற 18 வயதுக் கொத்தனார் சுவர் ஏறும்போது சுடப்பட்டு விழுந்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் குருதி கொட்டக் கிடந்தார். கிழக்கில் இருந்தவர்கள் எடுக்கவில்லை. மேற்கில் இருந்தவர்கள் அருகே வரவில்லை. இரு பக்கத்திலும் துப்பாக்கி இருந்தது. அடுத்த மூலையில் உள்ள செக்பாயிண்ட் சார்லி வெறும் கடைவீதி, நிற்கத் தேவையில்லை.

நடை முடிவது பேபெல் திடலில். 1933 மே 10 இரவு இங்கே ஏறத்தாழ 20,000 நூல்களை எரித்தார்கள். எரித்தவர் யார்? எழுத்தறியாக் கூட்டமா? இல்லை. பல்கலைக்கழக மாணவர்கள்! எதிரே நிற்கிறது பல்கலைக்கழகம். எரிந்த நூல்களுள் ஒன்றின் ஆசிரியரான எரிக் கெஸ்ட்னர் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடலின் நடுவே தரையில் ஒரு கண்ணாடி. குனிந்தால் கீழே ஒரு வெள்ளை அறை. நான்கு பக்கமும் நூலடுக்கு. 20,000 நூல் கொள்ளும். ஒரு நூலும் இல்லை. மீகா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995ல் அமைத்தது. பகலில் கண்ணாடியில் நம் முகமும் வானமும் தெரிந்து அறையை மறைத்துவிடும்; கையால் ஒளியை மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

இங்கே வழிகாட்டி விடைபெறுவார். கால் ஓயாதவர்கள் பத்து நிமிடம் நடந்தால் பிரீட்ரிக் தெரு இரயில் நிலையம். நடைச் சுற்றுலாவில் சேராத, ஆனால் தமிழர் பார்க்க வேண்டிய இடம். கிழக்கில் இருந்தவர்களுக்கு மேற்கின் வாசல் இது. உறவினரை அழுது வழியனுப்பிய கூடத்துக்குக் கண்ணீர் மாளிகை என்று பெயர் வந்துவிட்டது. 1983 கலவரத்துக்குப் பின் உயிர் தப்பி ஓடிய ஈழத் தமிழர் பலர், கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, இந்த நிலையம் வழியாகத்தான் மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டனர். கிழக்கு ஜெர்மனி தன் மக்களைத்தான் பூட்டி வைத்தது. கடந்து செல்லும் அயலாரைத் தடுக்கவில்லை. மேற்குத் தரப்போ, இந்தக் கோட்டை எல்லை என்று ஒப்புக்கொள்ளாததால் இங்கே சோதனை வைக்கவில்லை. ஜெர்மானியருக்குச் சாவைக் கொடுத்த சுவரில் தமிழருக்கு ஒரு வழி இருந்தது! 1985ல் மேற்கு ஜெர்மனி வற்புறுத்தவே, கிழக்கு அரசு இலங்கையருக்கு அந்த வழியை அடைத்தது. சுவரை நாள்தோறும் கண்டித்த அரசு, இந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது! கண்ணீர் மாளிகை 2011 முதல் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை.