குதிரை லாயமும் இரகசியமும்

வரலாற்று நாவல் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை கோட்டை, அகழி, சுரங்கப் பாதை, மாறுவேடம் பூண்ட ஒற்றன். கூடவே ஒரு குதிரை. அந்தக் குதிரை பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஆனால் இரவு முழுவதும் அது எங்கே நின்றது, அதற்குத் தண்ணீர் காட்டியவர் யார் என்று வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

சென்ற தவணை எங்கள் கழகத்தின் வாசகர் வட்டத்தில் வரலாற்று நாவல்களைப் பற்றிக் கலந்துரையாடினோம். கதையில் இரகசியம் பேச ஏற்ற இடம் எது என்ற கேள்வி எழுந்தது. சுரங்கம், பாழடைந்த மண்டபம், நந்தவனம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் "குதிரை லாயம்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "சாணி நாத்தத்துல யாரு போய் சதி பண்ணுவா?" என்று மூத்த மாணவர் ஒருவர் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இக்கட்டுரையில் எழுத முயன்றிருக்கிறேன்.

லாயத்தின் இயல்பு

குதிரை கட்டும் இடமே லாயம். பந்தி, மந்துரை, கொட்டில் என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. அரண்மனையானாலும் வழிப்போக்கர் விடுதியானாலும் அது பிரதான கட்டடத்தைவிட்டுச் சற்று ஒதுங்கியே இருக்கும். வைக்கோல் உள்ளே வரவும் சாணம் வெளியே போகவும் அதற்கென்று தனி வாசல் வேண்டும். அந்த வாசல் வழியே வந்து போகிறவர்களை அரண்மனைக் காவலர்கள் அவ்வளவாகச் சோதிப்பதில்லை. வைக்கோல் போருக்குள் ஓர் ஆளையும் மறைக்கலாம், ஓர் ஓலையையும் மறைக்கலாம்.

இரண்டாவது காரணம், லாயம் முழுமையாக உறங்குவதே இல்லை. குதிரை நின்றபடியே கண்ணயரும் பிராணி. ஒரு நாளில் அதன் மொத்தத் தூக்கமே சுமார் மூன்று மணி நேரந்தான். ஆகவே நள்ளிரவிலும் அங்கே மெல்லும் சத்தம், குளம்பு மாற்றி வைக்கும் சத்தம், செருமல் எல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். இருவர் தாழ்ந்த குரலில் பேசினால் அந்தச் சத்தத்தில் அது கரைந்துவிடும். நள்ளிரவில் அரண்மனைத் தாழ்வாரத்தில் விளக்கோடு நடப்பவன் சந்தேகத்திற்கு உரியவன். லாயத்தில் விளக்கோடு நிற்பவனோ நோயுற்ற குதிரையைப் பார்த்துக்கொள்பவன்!

மூன்றாவதாக, மேல்தட்டும் கீழ்த்தட்டும் தனியே சந்திக்கக்கூடிய இடம் இது. பிரபு ஒருவர் சமையலறைக்குள் நுழைந்தால் வியப்பார்கள். தம் குதிரையைப் பார்க்க லாயத்திற்குப் போனால் யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள்.

ஆனால், லாயம் இரகசியத்தைக் காப்பது போலவே காட்டியும் கொடுத்துவிடும். குதிரைக்குப் பொய் சொல்லத் தெரியாது. இரவில் எவனோ ஏறிச் சென்று திரும்பியிருந்தால் சேணத்தின் அடியில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். காலில் எந்த ஊர்ச் சேறு ஒட்டியிருக்கிறது என்றும் பார்க்கலாம். முன்பின் அறியாதவன் உள்ளே வந்தால் கனைத்து ஊரைக் கூட்டும். இந்த இரட்டைத் தன்மையே கதாசிரியர்களுக்கு வாய்த்த பெரிய வசதி எனலாம்.

டூமாவின் விடுதிகள்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாண்டர் டூமா 1844இல் எழுதிய 'மூன்று மஸ்கடியர்கள்' நாவல். கதை நடப்பது 1620களில். பிரெஞ்சு அரசி தம் வைரப் பதக்கங்களை இங்கிலாந்தின் பக்கிங்ஹாம் பிரபுவிடம் கொடுத்துவிடுகிறார். அரசியின் மானம் காக்க அவற்றை மீட்டு வர வேண்டும். டார்ட்டன்யானும் மூன்று நண்பர்களும் புறப்படுகிறார்கள். கார்டினல் ரிஷ்லியூவின் ஆட்கள் வழியெங்கும் பொறி வைத்திருக்கிறார்கள்.

அமியான் நகர விடுதியில் இரவு தங்கும்போது குதிரைகளைக் காக்க ஆத்தோஸின் பணியாளன் கிரிமோ லாயத்தில் படுக்கிறான். இவன் வேண்டாமல் வாய் திறக்கக்கூடாது என்பது எஜமானின் கட்டளை. சைகையிலேயே பேசிப் பழகியவன். விடியும் முன் லாயத்தில் கூச்சல். போய்ப் பார்த்தால் கிரிமோ அடிபட்டுக் கிடக்கிறான். குதிரைகள் ஓட முடியாத நிலையில் இருக்கின்றன. ஓடக்கூடிய நிலையில் இருந்த ஒன்றேயொன்றுக்கும் கால்நடை வைத்தியர் 'தவறுதலாக' இரத்தம் எடுத்துவிட்டார்! வாள் எதுவும் உருவப்படவில்லை. ஆனாலும் பயணத்தின் பாதி அங்கே தோற்கடிக்கப்பட்டுவிடுகிறது.

திரும்பும்போது டூமா இதே லாயத்தை மறுபக்கம் திருப்பிக் காட்டுகிறார். பக்கிங்ஹாம் பிரபு டார்ட்டன்யானுக்கு ஒரு வழியும் ஓர் அடையாளச் சொல்லும் தருகிறார். கடற்கரை ஊர் ஒன்றில் பெயர்ப் பலகைகூட இல்லாத ஓர் எளிய விடுதிக்குப் போக வேண்டும். "முன்னே செல்" என்ற பொருள் தரும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். விடுதிக்காரர் வேறெதுவும் கேட்காமல் கொல்லைப்புறமாக லாயத்திற்கு அழைத்துப் போகிறார். அங்கே சேணம் பூட்டிய குதிரை தயாராக நிற்கிறது. அடுத்த ஊரிலும் அப்படியே. பகை நாட்டின் நடுவே ஒருவர் இரகசியமாகப் பாதை அமைத்திருக்கிறார் என்றால் அது சுரங்கம் தோண்டி அல்ல, லாயங்களைக் கோத்துத்தான். அஞ்சல் குதிரை மாற்றும் வழக்கம் அக்காலத்தில் எங்கும் இருந்ததால், கண் முன்னே நடந்தும் யார் கண்ணிலும் அது படவில்லை.

லாகூர்ச் சராய்

கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' நாவலில் லாயமே ஒற்றர் அலுவலகம். மஹ்பூப் அலி லாகூரில் பேர் பெற்ற குதிரை வியாபாரி. ஆப்கானியர். வணிகர்களின் குதிரைகளும் ஒட்டகங்களும் வந்திறங்கும் காஷ்மீர் சராய்தான் அவர் இருப்பிடம். உண்மையில் அவர் ஆங்கில அரசின் உளவாளி. எல்லைப்புறச் சிற்றரசர்களின் சதி பற்றிய செய்தியை ரொட்டிக்குள் வைத்து, சிறுவன் கிம்மிடம் கொடுத்து அனுப்புகிறார். வாய்மொழியாகச் சொல்லச் சொன்னது ஒரு வெள்ளைக் குதிரையின் வம்சாவளி உறுதியாகிவிட்டது என்பது மட்டுமே. குதிரை வியாபாரி குதிரையைப் பற்றிச் சொல்லி அனுப்பினால் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்றிரவு மஹ்பூப் அலியை வேறோர் இடத்தில் மயக்கிவிட்டு, ஒருவன் சராயில் உள்ள அவருடைய அறையில் பெட்டி, பாய், சேணப்பை ஒன்று விடாமல் துழாவுகிறான். குதிரைகளுக்கு அருகே படுத்திருந்த கிம் பலகை ஓட்டை வழியாக அதைப் பார்த்துவிடுகிறான். பின்னொரு கட்டத்தில், மஹ்பூபைக் கொல்லக் காத்திருக்கும் இருவர் பேசுவதையும் குதிரைகள் ஏற்றிய இரயில் பெட்டிகளின் அருகே இருந்தபடி இவனே கேட்கிறான். இரண்டு முறையும் காப்பாற்றியது வாள்வீச்சு அல்ல. அங்கே படுத்திருக்கும் பையனை ஓர் ஆளாக எவரும் கணக்கில் எடுக்காததே காரணம். கிப்ளிங்கின் ஏகாதிபத்தியப் பார்வை நமக்கு உடன்பாடானது அன்று. ஆயினும் இந்த ஒரு நுட்பத்தை அவர் நன்கு அறிந்திருந்தார்.

தமிழில் லாயம்

தமிழில் இத்தகைய காட்சி உண்டா? நம் வரலாற்று நாவல்கள் சுரங்கத்தையும் நிலவறையையுமே அதிகம் நம்பின. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையிலேயேதான் நமக்கு அறிமுகமாகிறான். ஆனால் அவன் இரகசியங்களைக் கேட்பது கடம்பூர் மாளிகையிலும் பழுவூர் நிலவறையிலும். லாயத்திற்கு மிக நெருங்கி வரும் இடம், குதிரைக்கு லாடம் அடிக்க அவன் கொல்லுப்பட்டறைக்குப் போகும் காட்சி. அங்கேதான் மீன் சின்னம் பொறித்த வாளைக் காண்கிறான்.

நாவல்களுக்கு வெகுகாலம் முன்பே தமிழில் ஒரு மாபெரும் லாயக் கதை இருக்கிறது. மாணிக்கவாசகர் கதையைத்தான் சொல்கிறேன். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை அவர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு வருகிறார். பகலில் மன்னனும் அமைச்சர்களும் பார்த்து மகிழ்கிறார்கள். ஒருவருக்கும் ஐயம் எழவில்லை. நள்ளிரவில் பந்தியில் கட்டிய பரிகள் மீண்டும் நரிகளாகி, பழைய குதிரைகளைக் கடித்து ஊளையிட்டு ஓடுகின்றன. பக்தி நூலாக நாம் படித்த இக்கதையைச் சற்று வேறு கண்ணோடு பாருங்கள். சபையில் வெளிப்படாத உண்மை பந்தியில் வெளிப்படுகிறது. மன்னனுக்கு முன்பே அதை அறிந்திருக்கக்கூடியவர்கள் அந்த இரவில் பந்தியில் இருந்தவர்கள்தாம்.

வரலாற்றிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்கோ போலோ, ஓர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே இறக்குமதியாவதையும், அவற்றுள் பல பராமரிப்புத் தெரியாமல் மடிவதையும் குறித்திருக்கிறார். குதிரை வைத்தியம் அறிந்த லாடக்காரர்களை வணிகர்கள் அழைத்து வருவதில்லையாம். வேறு எவரும் வராமலும் தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! இந்த ஒரு குறிப்புக்குள் ஒரு முழு நாவலே ஒளிந்திருக்கிறது. பாண்டியனின் லாயத்தில் வேலை செய்யும் ஒருவன், குதிரைகள் ஏன் சாகின்றன என்பதைக் கண்டுபிடித்துவிட்டால்? அவன் யாரிடம் சொல்வான்? சொன்னால் யார் நம்புவார்கள்?

இரகசியத்தைக் காப்பவர் யார்?

இவ்விடத்தில்தான் நான் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டும். லாயம் இரகசிய இடமாவதற்கு வைக்கோலும் இருட்டும் மட்டும் காரணமல்ல. அங்கே வேலை செய்பவருக்குக் காது இருப்பதை மேலிடத்தார் மறந்துவிடுவதே முதற்காரணம்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் கதையொன்று உண்டு. சூரியன் உதித்ததும் எவருடைய குதிரை முதலில் கனைக்கிறதோ அவரே பாரசீகத்தின் அரசர் என்று போட்டியாளர்கள் முடிவு செய்கிறார்கள். டேரியஸின் குதிரைக்காரன் ஒய்பாரஸ் முந்திய இரவே ஒரு பெண் குதிரையை அந்த இடத்தில் கட்டி வைத்து, டேரியஸின் குதிரையை அங்கே அழைத்துப் போய்ப் பழக்கிவிடுகிறான். மறுநாள் அந்த இடம் வந்ததும் குதிரை கனைக்கிறது. டேரியஸ் மாமன்னராகிறார். ஒரு பேரரசின் இரகசியம் ஒரு குதிரைக்காரனின் கையில் இருந்தது.

வரலாற்று நாவல் அல்லாவிட்டாலும், 1892இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பந்தயக் குதிரையைத் திருட்டுத்தனமாக வெளியே கொண்டு போக, லாயப் பையனின் சாப்பாட்டில் அபின் கலக்கப்படுகிறது. அபினின் சுவை தெரியாமலிருக்க அன்றைய உணவு கறி மசாலா போட்ட ஆட்டிறைச்சி! லாயத்தில் ஓர் இரகசியம் நடக்க வேண்டுமானால் முதலில் உறங்க வைக்க வேண்டியவன் குதிரைக்காரன் என்பது அந்தக் குற்றவாளிக்குத் தெரிந்திருந்தது.

என் தாத்தாவுக்கும் அது தெரிந்திருந்தது. அவர் தோட்டத்து லயத்தில் பிறந்து, குதிரைப் பந்தய லாயத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மலாயாவில் அந்த வேலைக்கு 'சைஸ்' என்று பெயர். தமிழர் பலர் அதில் இருந்தனர். நான் படிவம் மூன்றில் படிக்கும்போது பள்ளி நூல்நிலையத்திலிருந்து 'கிம்' நாவலின் சுருக்கத்தை எடுத்து வந்து அவருக்குக் கதை சொன்னேன். பலகை ஓட்டைக் காட்சி வந்ததும் தாத்தா சிரித்தார்.

"ஓட்டையெல்லாம் எதுக்குய்யா? எங்க முன்னாடியே பேசுவாங்க. குதிரைக்கு முன்னாடி பேசுற மாதிரி."

எந்தக் குதிரைக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, எந்தக் குதிரை அந்த வாரம் ஜெயிக்கப் போவதில்லை என்பதையெல்லாம் முதலாளிமார் அவர் பக்கத்திலேயே நின்று ஆங்கிலத்தில் பேசுவார்களாம். அவருக்கு ஆங்கிலம் புரியும் என்று யாரும் நினைக்கவில்லை. காலையில் குதிரையின் முதுகைத் தடவிப் பார்த்தே இரவில் அதை வெளியே கொண்டு போனார்களா இல்லையா என்று சொல்லிவிடுவாராம். "யார்கிட்டயும் சொன்னதில்லையா தாத்தா?" என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே" என்றார்.

நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. பரீட்சை இருந்தது. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆண்டில் தாத்தா காலமானார். அவர் வளர்த்த குதிரைகளின் பெயர்கூட எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் 'ரேஸ் கோர்ஸ் சாலை' என்ற தெரு இன்றும் உண்டு. 1843இல் தொடங்கிய அந்நாட்டுக் குதிரைப் பந்தயம் முதலில் நடந்த திடல் அதன் அருகில்தான் இருந்தது. 2024 அக்டோபரில் கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்துவிட்டது. லாயங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அவற்றோடு அங்கே காக்கப்பட்ட இரகசியங்களும் மறைகின்றன.

மூத்த மாணவரின் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அண்ணா, சாணி நாற்றத்தில்தான் சதி செய்வார்கள். ஏனென்றால், அந்த நாற்றத்தில் நாள் முழுதும் நிற்பவனை யாரும் மனிதனாகக் கணக்கிடுவதில்லை. நம்மில் எவரேனும் நாளை வரலாற்று நாவல் எழுதினால், சுரங்கக் கதவைத் திறப்பதற்கு முன் ஒருமுறை லாயத்தை எட்டிப் பாருங்கள். கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு அங்கே ஒருவர் நின்றிருப்பார். முதலில் அவருக்கு ஒரு பெயர் வையுங்கள்.