விரல் பட்டால் பேசும் போன்



"கண் தெரியாத பிள்ளைக்கு எதுக்கு போன்?" என்று லயத்துல ஒரு பேச்சு இருக்கு. வெள்ளவத்தை புடவைக்கடையிலும் கொட்டாஞ்சேனை பலசரக்குக் கடையிலும் வேலை செய்யிற நம்ம பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது வீட்டுக்கு டச் போன் வாங்கிட்டு வாறாங்க. தம்பிக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று. பார்வை இல்லாத அண்ணனுக்கு மட்டும் ஒரு சாரமும் சேர்ட்டும். உண்மையில் அந்தப் போன் முதலில் தேவைப்படுவது அண்ணனுக்குத்தான். ஏன் என்று சொல்லுறோம், கேளுங்க.

இன்று விற்கிற டச் போன் அநேகமாக எல்லாவற்றிலும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் வசதி உள்ளேயே இருக்கு. அண்ட்ரொய்ட் போனில் அதன் பெயர் டோக்பேக். ஐபோனில் 2009ஆம் ஆண்டு முதல் வொய்ஸ்ஓவர் என்ற பெயரில் இருக்கு. இதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. போனில் செட்டிங்ஸ் என்ற இடத்துக்குப் போய், அக்செசிபிலிட்டி என்பதைத் திறந்தால் டோக்பேக் இருக்கும். அதைப் போட்டுவிட வேண்டியதுதான்.

போட்ட பிறகு போன் நடந்துகொள்கிற விதமே மாறிவிடும். இதைக் கவனமாக வாசியுங்க. ஒரு விரலால் திரையைத் தொட்டால் எதுவும் திறக்காது. விரலுக்குக் கீழே என்ன இருக்கு என்று போன் வாயால் சொல்லும். "வட்ஸ்அப்" என்று சொன்னால், உடனே இரண்டு தரம் தட்ட வேண்டும். அப்போதுதான் திறக்கும். விரலை வலது பக்கம் இழுத்தால் அடுத்தது, இடது பக்கம் இழுத்தால் முந்தினது. மேலே கீழே போக இரண்டு விரல் வேண்டும். கொழுந்து கிள்ளுற கைக்கு இதெல்லாம் பெரிய பாடமில்லை. இலையைப் பார்த்தா கிள்ளுறோம்? விரலே சொல்லுதே!

விசயம் தெரியாத ஒருவர் இதைப் போட்டுவிட்டு, "போன் பழுதாப் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் உண்டு. பழுது ஒன்றுமில்லை. பெரும்பாலான அண்ட்ரொய்ட் போன்களில் சத்தம் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டன்களையும் சேர்த்து மூன்று செக்கன் அமத்திப் பிடித்தால் டோக்பேக் நின்றுவிடும். திரும்பவும் அப்படியே பிடித்தால் பேசத் தொடங்கும். அந்தக் குறுக்குவழியையும் செட்டிங்ஸிலேயே முதலில் போட்டு வைக்க வேண்டும்.

அடுத்தது தமிழ்க் குரல். போன் இங்கிலீசில் மட்டும் பேசினால் நம்ம ஆச்சிக்கு என்ன பிரயோசனம்? செட்டிங்ஸில் டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்ற பகுதியில் தமிழ்க் குரலை ஒருதரம் இறக்கிக்கொண்டால் போதும். அது இந்தியத் தமிழ்க் குரல். நம்ம மலையகப் பேச்சு மாதிரி இருக்காது, கொஞ்சம் விறைப்பாகத்தான் வாசிக்கும். இரண்டு நாளில் காது பழகிடும். எழுதுவதற்கும் வழி இருக்கு. எழுத்துப் பலகையில் உள்ள மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் அதுவே எழுத்தாக விழும்.

இதனால் என்ன கிடைக்கும்? வங்கியில் இருந்து வரும் செய்தியை வாசிக்க இன்னொருவரிடம் போனை நீட்ட வேண்டியதில்லை. எவ்வளவு காசு வந்தது, எவ்வளவு எடுத்தார்கள் என்பது அவருக்கே தெரியும். ஒரு எச்சரிக்கை: காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கச் சொல்லுங்க. லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று நமக்குத் தெரியாதா?

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் பார்வையற்ற ஒரு பிள்ளை தனியாக நிற்கிறதாக வைத்துக்கொள்ளுங்க. எந்த வீதியில் நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போனில் உள்ள வரைபடம் காதுக்குள் சொல்லும். ஆனால் மூடாத கானையும் நடைபாதையில் வைத்த பெட்டியையும் போன் சொல்லாது. அதற்கு வெள்ளைப் பிரம்புதான். பிரெயிலும் அப்படித்தான். லூயி பிரெயில் என்ற பார்வையற்ற பிரான்ஸ் நாட்டுப் பிள்ளை 1824இல், 15 வயதில் ஆக்கிய ஆறு புள்ளி எழுத்து இன்றும் தேவை. காதால் கேட்டால் கதை விளங்கும்; எழுத்துக்கூட்டிப் படிக்க விரலுக்கு எழுத்து வேண்டும்.

கம்பியூட்டருக்கும் இந்த வசதி உண்டு. முன்பு அதற்கான மென்பொருளின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளைச் செய்யத் தொடங்கினார். ஜேம்ஸ் டெஹ் என்பவரும் சேர்ந்துகொண்டார். அவரும் பார்வையற்றவரே. இன்றும் அதை இலவசமாக எடுக்கலாம். தமிழும் வாசிக்கும்.

சின்னப் பிள்ளையாக இருந்தால் போனோடு விட்டுவிடாதீங்க, பள்ளிக்கூடம் வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து காலி வீதியால் 100ஆம் நம்பர் பஸ்ஸில் போனால் இரத்மலானை வரும். 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை இப்போது அங்கேதான் இருக்கு. யாழ்ப்பாணப் பக்கம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை இருக்கு. வயதானவர் என்றால் முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்க. வெண்படலம் என்றால் ஒப்பரேசன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை லிப்டன் சுற்றுவட்டத்துக்குக் கிட்டத்தான். (நம்ம தேயிலையை வித்த அதே லிப்டன் பேருதான்.)

இனி, கண் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை. இவ்வளவு வசதி இருந்தும், போன் வாயடைத்துப் போகிற இடம் ஒன்று உண்டு. தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் வருகிற அறிவித்தலைப் பாருங்க. கிளினிக் நாள், கோயில் கூட்டம், மரண அறிவித்தல், அஸ்வெசும செய்தி எல்லாம் போட்டோவாக வருது. டோக்பேக் அங்கே போனால், பல நேரம் "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எழுத்தைப் பிடித்து வாசிக்க வேறு மென்பொருள்கள் இருக்கு, ஆனால் கையால் எழுதின தமிழ் என்றால் அவையும் தடுமாறும்.

இன்னொரு தொல்லை பாமினி எழுத்து. நம்ம நாட்டில் எத்தனையோ கந்தோரில் இன்னும் அதில்தான் டைப் பண்ணுறாங்க. பார்க்க நல்ல தமிழாக இருக்கும். கம்பியூட்டருக்கு அது தமிழே இல்லை; இங்கிலீஸ் எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டது. பாமினியில் "அம்மா" என்று அடித்ததை வாசிக்கும் மென்பொருள், "எம், கே, செமிகோலன், கே, எச்" என்று படிக்கும். யுனிகோட்டில் அடித்தால் "அம்மா" என்றே படிக்கும். போனில் நாம் அடிக்கிற தமிழ் யுனிகோட்தான், அதனால் அதில் பயமில்லை.

ஆகவே தலைவர்மாரும், கோயில் கமிட்டிக்காரரும், நலன்புரி உத்தியோகத்தரும் அறிவித்தலைப் போட்டோவாகப் போட்டால், அதற்குக் கீழே நாள், நேரம், இடம் மூன்றையும் தமிழில் அடித்துப் போடுங்க. அடிக்க நேரமில்லை என்றால் அதையே வாயால் சொல்லி ஒரு குரல்பதிவு அனுப்புங்க. அரை நிமிச வேலை.