மங்கலில் நிற்கும் முகம்

திருகோணமலை லிங்கநகரில் ஒரு வீட்டின் ஹோலுக்குள் நுழைந்தால் சுவரில் பெரும்பாலும் ஒரு பெரிய முகம் இருக்கும். மாலை போட்ட அப்பப்பாவாக இருக்கலாம். திரும்பி வராத மகனாகவும் இருக்கலாம். இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த திருகோணமலைக் குடும்பங்கள் பலவற்றுக்கு மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம்தான். அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்திருப்பார்கள். மூன்றரை சென்ரிமீற்றர் அகலப் படத்தை ஓர் அடிக்கு இழுத்தால், மூலத்தில் கால் மில்லிமீற்றர் மங்கியிருந்த இமையோரம் சுவரில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் பரவிவிடும். கிட்டப் போனால் சாம்பல் திட்டுகள். வாசலில் நின்றால் ஆள் இன்னார் என்று தெரிகிறது.

காரணம், ஒரு படத்தில் இரண்டு வகைச் செய்தி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. மயிரிழை, தோல் சுருக்கம், கூரிய ஓரம் என்பன நுண்செய்தி. நெற்றி வெளிச்சம், கண்குழியின் இருள், தாடையின் வளைவு என்பன பருஞ்செய்தி. மங்கல் முதலாவதைத் தின்னும். இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். தெரிந்த முகத்துக்கு அந்த இரண்டாவதே போதும்.

1973இல் லியோன் ஹார்மன், பேலா யூலஸ் என்ற பெல் ஆய்வுகூட விஞ்ஞானிகள் இதைத் தலைகீழாகக் காட்டினார்கள். ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரக் கட்டங்களாக்கினால் கிட்டத்தில் ஒன்றும் புரியாது. கட்டங்களின் ஓரங்கள், மூலத்தில் இல்லாத நுண்செய்தியைப் புகுத்திக் கண்ணைக் குழப்புகின்றன. அதே படத்தை மேலும் மங்கலாக்கினால், அல்லது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், லிங்கன் வெளியே வருகிறார். மூன்று ஆண்டுகளில் சல்வடோர் டாலி இந்த லிங்கனை வைத்து ஓவியமே தீட்டிவிட்டார்.

மங்கலை வேண்டுமென்றே செய்தவர்களில் ஒருவரின் கல்லறை நமது மலையகத்தில், பொகவந்தலாவையில் இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன், 48 வயதில் மகள் பரிசளித்த கமராவோடு தொழிலைத் தொடங்கினார். பெரிய கண்ணாடித் தகடு, சில நிமிடம் நீளும் ஒளிபடுகை, குறுகிய குவிய ஆழம். மூக்கு நுனி தெளிந்தால் காது கலங்கும், ஆள் மூச்சு விட்டால் அதுவும் பதியும். வில்லையைத் திருகிக்கொண்டு வரும்போது முகம் அழகாகத் தெரிந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். கூர்மையைத் தேடி அதற்கு அப்பால் போவதில்லை. லண்டன் விமர்சகர்கள் கைப்பழக்கம் போதாது என்று திட்டினார்கள். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் தோட்டங்களிலும் உழைக்கும் மனிதரைப் படம் பிடித்து, 1879இல் இங்கேயே இறந்தார். புகைப்படத்தை ஓவியத்தின் பக்கம் நகர்த்தியவர் அவர்.

எதிர்த்திசையில் நடந்தவர் ஜேர்மனியின் கெர்ஹார்ட் ரிக்டர். 1932இல் டிரெஸ்டனில் பிறந்து 1961இல் மேற்கு ஜேர்மனிக்குத் தப்பி வந்த இவர், குடும்பப் படங்களையும் பத்திரிகைப் படங்களையும் எடுத்து, கன்வஸில் பெரிதாக விழுத்தி, சாம்பல் நிறத்தில் அச்சொட்டாக வரைவார். எண்ணெய் வர்ணம் காயுமுன் மெல்லிய உலர்ந்த தூரிகையால் மேற்பரப்பு முழுவதையும் இழுத்துவிடுவார். எல்லாமே ஒரே அளவுக்கு முக்கியமாகவும் முக்கியமற்றும் ஆகட்டும் என்பதே தன் நோக்கம் என்று சொல்லியிருக்கிறார்.

1965இல் தாயின் சகோதரர் ரூடியை நாசி இராணுவச் சீருடையில் சிரித்தபடி வரைந்தார்; அவர் 1944இல் போரில் இறந்தவர். அதே ஆண்டு சின்னம்மா மரியானையும் வரைந்தார். சிறுமியான அவளோடு இருக்கும் கைக்குழந்தை ரிக்டரே. மனநோயாளி என்று கட்டாயக் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்ட மரியான், 1945இல் நாசிகளின் நோயாளிக் கொலைத் திட்டத்தில் கொல்லப்பட்டவள். கொன்ற ஆட்சியின் சீருடை போட்ட மாமாவுக்கும் கொல்லப்பட்ட சின்னம்மாவுக்கும் ஒரே தூரிகை இழுப்பு. எனக்கு இது மென்மை இல்லை, மிகக் கடுமை.

ரூடி மாமா ஓவியத்தில் இழுப்பு கிடையாகப் போகிறது. கமரா குவியம் தவறினால் மங்கல் எல்லாத் திசையிலும் பரவும். தூரிகையோ ஒரு திசையில்தான் போகும். கிடையாக இழுத்தால் நிலைக்குத்துக் கோடுகள் கலையும், புருவம், கண், வாய் போன்ற கிடைக்கோடுகள் ஓரளவு தப்பும். 2009இல் ஸ்டீவன் டேக்கின், ரோஜர் வாட் என்ற ஆய்வாளர்கள், ஒரு முகம் இன்னாருடையது என்பதை மூளை பெரும்பாலும் இந்தக் கிடைக்கோடுகளை வைத்தே பிடிக்கிறது என்று காட்டினார்கள். கடைப் பொதியில் அச்சிட்ட பட்டைக்குறி மாதிரி, இருளும் வெளிச்சமும் மேலிருந்து கீழாக அடுக்கி நிற்கின்றன. ரிக்டருக்கு 1965இல் இந்த ஆய்வு தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் கலைக்கும்போதே கண்ணால் சரிபார்த்துக்கொண்டிருந்த கை, முகம் அழியும் எல்லைக்குச் சற்று முன்னரே நின்றிருக்கிறது.

அந்த எல்லையை அவர் பின்னர் சோதித்தும் பார்த்தார். சிறையில் இறந்த தீவிரவாதிகள் பற்றிய 15 ஓவியங்களை 1988இல் தீட்டினார்; இன்று அவை நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில், அப்படி இறந்தவர்களில் ஒருவரான உல்ரிக்கே மைன்ஹோஃபின் உயிரற்ற முகம் மூன்று தடவை வருகிறது, மூன்றும் ஒரே அளவுக்கு மங்கலானவையல்ல.

மங்கலோடு மூளைக்கு இருக்கும் பழக்கம் தொட்டிலில் தொடங்குகிறது. பிறந்த குழந்தையின் பார்வை மிகக் கலங்கியது. 2018இல் பவன் சின்ஹா என்ற விஞ்ஞானியின் குழு ஒரு கணினி வலையமைப்புக்கு முதலில் மங்கிய முகங்களையும் பிறகு தெளிந்தவற்றையும் காட்டிப் பழக்கியது. எடுத்த எடுப்பிலேயே தெளிவைக் கண்ட வலையமைப்பைவிட இது மங்கிய முகங்களையும் சேர்த்து நன்றாக அடையாளம் கண்டது. இந்தியாவில் பிறவிக் கண்புரை அகற்றப்பட்டு, மங்கல் கட்டத்தைத் தாண்டி நேரே ஓரளவு தெளிந்த பார்வைக்கு வந்த சிறுவர் முகங்களில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

இப்போது ஸ்ரூடியோக்காரர் கையில் தூரிகை இல்லை, செயலி இருக்கிறது. சின்னப் படத்தை ஏற்றினால் இமைமயிர் வரைக்கும் வந்துவிடும். ஆனால் மூலத்தில் பதியாததை எந்தக் கணிதமும் மீட்காது. செயலி, தான் பழகிய ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து பொருத்தமானதை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுகிறது. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் உருவாக்கிய பல்ஸ் என்ற நிரலுக்கு, கட்டங்களாக்கிய பராக் ஒபாமா படத்தை ஒருவர் கொடுத்தார். கூர்மையான, களங்கமில்லாத ஒரு வெள்ளைக்காரர் முகம் வெளியே வந்தது. செயலியிடம் கொடுத்தாலும் அடையாள அட்டைப் பிரதியை எறிந்துவிடாதீர்கள். புதிய படத்தில் இருக்கும் இமைமயிர் மகனுடையது இல்லை.