ரோமுக்குச் செல்லும் ஆயிரம் ஆண்டுப் பாதை

கி.பி. 990-இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோமுக்குச் சென்று, தம் பதவிக்குரிய கம்பளித் தோளாடையைப் போப் பதினைந்தாம் ஜானிடம் பெற்றுக்கொண்டார். ஊர் திரும்பும் வழியில் தங்கிய இடங்கள் வரிசையாகக் குறித்து வைக்கப்பட்டன. ஏறத்தாழ 80 பெயர்கள். வர்ணனை ஒரு வரிகூடக் கிடையாது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள அந்தச் சுவடிதான், 'வியா பிரான்சிஜெனா' என்னும் நெடும்பாதையை நம் காலத்தில் மீட்டெடுக்க அடிப்படையானது.

கேன்டர்பரியில் தொடங்கி பிரான்ஸ், சுவிட்சர்லாந்து வழியாக ரோம் வரை செல்லும் இப்பாதையின் நீளம் சுமார் 2,000 கி.மீ. அதில் பாதி, ஏறக்குறைய 1,000 கி.மீ., இத்தாலிக்குள் இருக்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 1994-இல் இதைப் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது.

பனிமலை முதல் நெல்வயல் வரை

2,469 மீட்டர் உயரமுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் இத்தாலிப் பகுதி தொடங்குகிறது. பனியில் சிக்கியவர்களைக் காக்க 11-ஆம் நூற்றாண்டில் அங்கே துறவிகள் கட்டிய சத்திரம் இன்றும் வழிப்போக்கர்களுக்குக் கதவைத் திறக்கிறது. அங்கிருந்து பாதை ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இறங்குகிறது. மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள். ஆவோஸ்தா நகருக்குள் ரோமானியர் காலத்து வளைவுகள்.

அடுத்து வெர்செல்லி சமவெளி. இத்தாலியின் முக்கியமான நெல் விளையும் பகுதி இது. 1866-இல் திறக்கப்பட்ட காவூர் கால்வாய் இந்த வயல்களுக்கு நீர் தருகிறது. வசந்தத்தில் தண்ணீர் கட்டிய வயல்களின் வரப்பையொட்டி நடந்தால், கொக்குகளும் நாரைகளும் இரை தேடுவதைப் பார்க்கலாம். அதன்பின் போ ஆறு குறுக்கிடும். கோர்த்தே சாந்த் அந்த்ரேயா என்ற சிற்றூரில், சிகெரிக்கைப் போலவே படகில் ஆற்றைக் கடக்கலாம். படகுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பாதை வளர்த்த ஊர்கள்

இந்தப் பாதைக்கு வித்திட்டது அரசியல் தேவை. சிகெரிக்கின் காலத்துக்கு முன்பே வட இத்தாலியை ஆண்ட லொம்பார்டுகள், தெற்கிலிருந்த தங்கள் நிலப்பகுதிகளுக்குப் போக, எதிரிகளான பைசாந்தியரின் பிடியில் இல்லாத வழியைத் தேடினர். அப்பெனைன் மலையில் 1,041 மீட்டர் உயரமுள்ள சீசா கணவாய் அவர்களுக்குக் கைகொடுத்தது. பின்னர் யாத்ரீகர்கள், வணிகர்கள், படைகள் எல்லாரும் அந்த வழியையே பிடித்தார்கள்.

ஆள் நடமாட்டம் பெருகப் பெருக வழியோர ஊர்கள் வளர்ந்தன. சதுப்பும் காடும் சூழ்ந்த அல்தோபாஷோவில், இருட்டில் திசை தவறியவர்களைச் சத்திரத்துக்கு அழைக்க மாலைதோறும் மணி அடித்தார்கள். சான் ஜிமிஞானோவில் செல்வக் குடும்பங்கள் போட்டி போட்டுக்கொண்டு 72 கோபுரங்களை எழுப்பின. அவற்றுள் 14 நிற்கின்றன. 1348-இன் கொள்ளைநோய்க்குப் பிறகு அந்த ஊர் நொடித்துப்போனது. அதனால்தான் அதன் இடைக்காலத் தோற்றம் கலையாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

சியெனாவில் பேராலயத்துக்கு எதிரே இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா, யாத்ரீகர்களுக்கும் நோயாளிகளுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் அடைக்கலம் தந்த மருத்துவமனை. அந்தப் பணிகளையே 15-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அதன் கூடத்துச் சுவர்களில் தீட்டினார்கள். இன்று அது அருங்காட்சியகம்.

இயற்கைக்குள் வரலாறு

சியெனாவுக்குத் தெற்கே ஓர்ச்சா பள்ளத்தாக்கு. அலையலையான குன்றுகள், கோதுமை வயல்கள், சைப்ரஸ் மர வரிசைகள். இயற்கை தானாக வரைந்த காட்சி போலத் தோன்றும். உண்மையில், 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் சியெனா நகர அரசு, நல்லாட்சியின் அடையாளமாகத் திட்டமிட்டுத் திருத்திய நிலம் இது. யுனெஸ்கோ 2004-இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு அதுவும் காரணம். அங்குள்ள பாஞ்ஞோ விஞ்ஞோனியில் ஊர்ச் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். அதிலிருந்து வழிந்த நீர் ஒரு காலத்தில் மாவரைக்கும் ஆலைகளை ஓட்டியது. இயற்கையையும் வரலாற்றையும் தனித்தனியாகப் பார்க்க இப்பாதை இடம் தருவதில்லை.

மேலும் தெற்கே போல்சேனா எரிமலை ஏரியும் விதெர்போவின் போப் மாளிகையும் வரும். கடைசியில் மோந்தே மாரியோ குன்றேறினால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் கண்ணில் படும்.

நடக்க விரும்புவோருக்கு

வசந்தமும் இலையுதிர்காலத் தொடக்கமும் ஏற்ற பருவங்கள். கோடையில், சியெனா இருக்கும் தோஸ்கானா மாநிலத்தின் நிழலற்ற குன்றுகள் வாட்டிவிடும். யாத்ரீகர் அடையாள ஏடு ஒன்றைப் பெற்று, தங்கும் இடம்தோறும் அதில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ரோமுக்கு முந்தைய 100 கி.மீ. தூரத்தை நடந்தோ, 200 கி.மீ. தூரத்தைச் சைக்கிளில் ஓட்டியோ முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு.

அரசியல் தேவைக்காக உருவான பாதை, இன்று வழியோர ஊர்களுக்குப் பிழைப்பும் தருகிறது. பேருந்துப் பயணிகள் எட்டிப் பார்க்காத சிற்றூரின் விடுதிக்கும் ரொட்டிக் கடைக்கும் நடந்து வருபவர்களே வாடிக்கையாளர்கள். பழைய பாதையை வேலியடைத்துக் காக்க முடியாது. நடக்க ஆள் வேண்டும். இத்தாலிக்குப் போகும் வாய்ப்பு அமைந்தால், ஒரு வாரத்தை ஒதுக்கி சான் ஜிமிஞானோவிலிருந்து சியெனா வழியாக ஓர்ச்சா பள்ளத்தாக்கு வரை நடந்து பாருங்கள்.