கடற்கரை பஸ்ஸும் கதிரவன் மறைவும்

விடுமுறை நாளில் கடற்கரைக்குப் புறப்படுகிறவன் முதலில் கேட்பது, "காலையில் எத்தனை மணிக்கு பஸ்?" என்பதுதான். பஸ் விடுகிறவர்களும் அந்தக் கேள்வியிலிருந்தே கணக்கைத் தொடங்கிவிடுவதுண்டு. அப்படியன்று, திரும்பி வரும் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும் என்பது என் கட்சி. பௌதிகம் படிக்கிறவனுக்கும் பஸ்ஸுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் நகைக்கலாம். சொந்த வாகனம் இல்லாத விடுதி மாணவனுக்கு பஸ்ஸோடு இல்லாத உறவு வேறு எதனோடு இருக்க முடியும்?

இவ்வாண்டு புவனேசுவரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்காக இடத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். புவனேசுவரம், பூரி, கொணார்க் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணம். இங்கிருந்து பூரி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பூரியிலிருந்து கடலோரச் சாலை வழியே கொணார்க் 35. கொணார்க்கிலிருந்து நிமாபடா, பிப்பிலி வழியாகப் புவனேசுவரம் 65. கொணார்க் சூரியன் கோயிலிலிருந்து 3 கிலோமீட்டர் சென்றால் சந்திரபாகா கடற்கரை. பூரிக்கு ரயில் இருக்கிறது. கொணார்க்குக்கு இல்லை. ஆகவே, காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்கான பஸ்ஸின் உண்மையான சோதனை கொணார்க் பக்கத்தில்தான்.

இதைப் பருவகால பஸ்ஸாகத்தான் நடத்த முடியும். 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவை அழித்த பெரும்புயலையும், 2019 மே 3-இல் பூரி அருகே கரையேறிய ஃபானி புயலையும் இவ்வூரார் மறக்கவில்லை. இடையில் கோடை வெயில், பிறகு மழை. எஞ்சுவது நவம்பர் முதல் பிப்ரவரித் தொடக்கம் வரையுள்ள குளிர்காலம். ஒடியர்களின் பண்டிகைகளே இதற்கு அழகாக எல்லை கட்டுகின்றன: முன்னோரின் கடற்பயணத்தை நினைந்து சிறு படகுகளை நீரில் மிதக்கவிடும் கார்த்திகைப் பௌர்ணமி ஒரு முனை, மாக சப்தமி, அதாவது நம்முடைய ரதசப்தமி, மறுமுனை. மற்ற மாதங்களில் அந்த பஸ்களுக்கு வேலை தேடி அலையவேண்டியதில்லை. ஜூன், ஜூலையில் பூரித் தேரோட்டம் வந்துவிட்டால் எத்தனை பஸ் இருந்தாலும் போதாது.

நிற்க, சூரியனுக்கு வருவோம். டிசம்பர் தொடக்கத்தில் கொணார்க்கில் மாலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில் சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் சென்னை மெரீனாவில் இருப்பவனுக்கு இன்னும் அரைமணிக்கு மேல் பகல் மிச்சம். காரணம் இரண்டு. கொணார்க் சென்னைக்கு ஏறத்தாழ 6 பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடமாக இருபத்து மூன்று நிமிடம் அதில் போயிற்று. வடக்கே தள்ளியிருப்பதால் குளிர்காலப் பகல் இன்னும் குறுகுகிறது. அதில் மேலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கைக்கடிகாரம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றே. நம்மூர்ப் பழக்கத்தில் "ஆறு மணி வரை உட்காரலாம்" என்று சந்திரபாகாவில் அமர்ந்தவன், ஐந்தரைக்கே இருட்டு சூழக் காண்பான்.

இனி, கணக்கு. ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம் என்று கொள்வோம். போகவர நான்கு, நடுவில் இளைப்பாற அரைமணி. மணிக்கொரு பஸ் வேண்டுமானால் நாலரையை ஒன்றால் வகுத்து, மேலே முழுமையாக்கி, ஐந்து பஸ்கள். அரைமணிக்கொன்று என்றால் ஒன்பது. பாடப்புத்தகக் கணக்கு இதோடு முடிந்துவிடும். தொல்லை இனிமேல்தான் தொடங்குகிறது.

காலை 7 முதல் 12 வரை மணிக்கொன்றாக ஆறு பஸ்கள் போகின்றன. ஒவ்வொன்றிலும் 40 பேர். ஆக 240 பேர். அவர்களில் 80 பேர் பிற்பகலிலேயே திரும்பிவிட்டார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மீதி 160 பேரும் சூரியன் மறைந்ததும் ஒன்றாக எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வருவார்கள். மாலையிலும் மணிக்கொரு பஸ் என்றால் 5.30, 6.30, 7.30, 8.30 என நான்கு பஸ்கள். கடைசியாக ஏறுகிறவர் புவனேசுவரம் வந்து சேரும்போது இரவு 10.30. காலையில் மக்கள் சிறுகச் சிறுகப் போகிறார்கள். மாலையில் மொத்தமாகத் திரும்புகிறார்கள். போவதற்கும் வருவதற்கும் ஒரே இடைவெளி வைத்த அட்டவணை காகிதத்தில் சமநீதியாகத் தெரியும். கடற்கரையில் நிற்பவனுக்கு அது அநீதி.

இதற்கு வழி உண்டு. பிற்பகலில் கொணார்க் வந்து சேரும் பஸ்களை உடனே திருப்பாமல் அங்கேயே நிறுத்திவைத்து, 5.15-க்கும் 6.30-க்கும் இடையில் நான்கையும் அடுத்தடுத்து விடவேண்டும். கணக்குப்பிள்ளை இதை விரும்பமாட்டார். ஓடாத பஸ் அவருக்கு நட்டம். என் எண்ணத்திலோ, இந்தச் சேவையின் உயிரே அந்த நிற்கும் பஸ்தான்.

மற்றொரு தடை ஓட்டுநரின் நாள். 2025 வரை நடப்பிலிருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி, பொதுவாக வேலை நாளுக்கு 8 மணி நேரமாக இருந்தது. இடையிலுள்ள ஓய்வெல்லாம் சேர்ந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. காலை ஆறரைக்குப் பணியேற்றவர் இரவு எட்டரைக்குத் திரும்பினால் பதினான்கு. உல்லாசப் பயணியின் நாள் ஓட்டுநரின் நாளைவிட நீளமானது. ஆகையால் காலையில் ஒருவர், மாலையில் வேறொருவர் என்றே அமைக்கவேண்டும். களைத்த கண்களோடு இருட்டில் ஓட்டச்சொல்லிவிட்டு நாம் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பது தகாது. அதிலும் பூரி - கொணார்க் சாலை, 1984-இல் அறிவிக்கப்பட்ட பாலுகண்ட சரணாலயத்தின் ஊடே செல்கிறது. புள்ளிமான் எப்போது குறுக்கே பாயும் என்று யார் சொல்வது? அங்கே இரவு நடைக்குப் பகலைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்கவேண்டும். இக்குளிர்காலமே கடலாமைகள் கரைக்கு வரும் காலமுமாதலால், பஸ்ஸின் விளக்கு மணலை நோக்காதபடி நிறுத்துமிடம் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் அமையவேண்டும். (இருக்கைக்குத் துணி உறை வேண்டாம், ரெக்சின் போதும். நனைந்த வேட்டியோடு உட்காருகிறவர்கள் நாம்.)

கடைசி பஸ்ஸை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? ஆறு பேர் சேர்ந்து கார் அமர்த்த வசதியுள்ளவர்களுக்கு அட்டவணையே வேண்டாம். வசதியில்லாதவர்கள், அதிலும் விடுதி மாணவிகள், சனிக்கிழமை இரவு ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: "திரும்ப பஸ் கிடைக்குமா?" உறுதியான விடை இல்லையென்றால் பயணம் அங்கேயே நின்றுவிடுகிறது. கொணார்க் வராமலே எம்.எஸ்ஸி. முடித்து ஊர் திரும்பிய சகோதரிகளை நான் அறிவேன். காலைப் பஸ்ஸில் காலியாக இருந்த இருக்கைகளை எண்ணி, "மக்களுக்கு விருப்பமில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் இவர்களை எப்படி எண்ணுவார்கள்?

ஒடியா எழுத்து படிக்கத் தெரியாத நம்மவர்கள் ஒரு வாக்கியத்தையாவது மனப்பாடம் செய்துகொள்க: "சேஷ பஸ் கேத்தே பேளே?" கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பொருள். நமக்குச் சேஷம் என்றால் மிச்சம், இவர்களுக்குக் கடைசி. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கு இரண்டு பொருளும் ஒன்றாகிவிடும்.

அட்டவணையைச் சில நாட்களுக்கு மாற்றியும் எழுதவேண்டும். டிசம்பர் 1 முதல் 5 வரை கொணார்க்கில் நாட்டிய விழா. நிகழ்ச்சி தொடங்குவதே இருட்டிய பிறகு. அந்த ஐந்து நாட்களும் கடைசி பஸ் விழா முடியக் காத்திருக்கவேண்டும். மாக சப்தமியன்றோ எல்லாமே தலைகீழ். மக்கள் முன்னிரவிலேயே வந்து குவிந்து, விடியுமுன் சந்திரபாகாவில் நீராடி, கடலில் கதிரவன் எழக் கண்டு கைகூப்பிவிட்டு, ஒருசேர ஊருக்குத் திரும்புவார்கள். அன்று நான்கு பஸ்களும் காலை ஏழு மணிக்கே கொணார்க்கில் வரிசையாக நிற்கவேண்டும்.