போர் ஓய்ந்த நாட்டில் ஒரு பெண்கள் பள்ளி

ஆப்பிரிக்காக் கண்டத்தின் படத்தைச் சற்றே விரித்துப் பாருங்கள். வடக்கே எகிப்து. அதற்குக் கீழே சூடான். அதற்கும் கீழே, வெள்ளை நைல் ஆறு சதுப்பு நிலங்களில் பரந்து தேங்கித் தயங்கித் தயங்கிச் செல்லும் இடத்தில் தென் சூடான் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பிறந்த நாடு இது. ஆகையால் பழைய படங்களில் தேடினால் கிடைக்காது. ஐக்கிய நாடுகள் சபையில் 193-ஆவதாகச் சேர்ந்த நாடு.

இந்நாட்டிற்குச் சமாதானப் பணிக்காகச் சென்ற பெரியோர் பலர். திருத்தந்தையே சென்றிருக்கிறார். அவர்களுக்கு முன்பே, செய்தித்தாள்களில் அவ்வளவாக இடம்பெறாத கன்னியர் சிலரும் சென்றனர். ரும்பெக் என்னும் ஊரில் அவர்கள் நடத்தும் பெண்கள் பள்ளியைப் பற்றியே இங்கு கூற விழைகிறோம். ஒரு பெண்கள் பள்ளிக்கும் உள்நாட்டுப் போருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அது விளங்க வேண்டுமானால் முதலில் போரின் கதையையும், பிறகு மாட்டின் கதையையும் சொல்லியாக வேண்டும்.

சூடான் ஒரே நாடாக இருந்தபோது வடபகுதிக்கும் தென்பகுதிக்கும் இடையே இருமுறை நெடும்போர் நடந்தது. முதற்போர் 1955 முதல் 1972 வரை. இரண்டாம் போர் 1983 முதல் 2005 வரை. இரண்டாவது போரில் மட்டும் போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் இருபது லட்சம் பேர் மாண்டனர் என்று கணக்கிடுகிறார்கள். 2005 ஜனவரியில் உடன்படிக்கை ஏற்பட்டது. 2011 ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் தென்பகுதி மக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் தனிநாடு வேண்டும் என்றனர். சுதந்திரக் கொடி ஏறியது.

அந்த மகிழ்ச்சி மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 2013 டிசம்பரில் குடியரசுத் தலைவர் சல்வா கீருக்கும், அவ்வாண்டு அவரால் பதவி நீக்கப்பட்ட துணைத் தலைவர் ரியெக் மச்சாருக்கும் மூண்ட பகை, தலைநகர் ஜூபாவில் துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. முன்னவர் டிங்கா இனத்தவர், பின்னவர் நூயர் இனத்தவர். இரு தலைவர்களின் சண்டை இரண்டு இனங்களின் சண்டையாயிற்று. அமைதி காக்கச் சென்ற நம் இந்தியப் படைவீரர் இருவரும் அந்த டிசம்பர் மாதத்திலேயே அங்கு உயிர் நீத்தனர். ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய நான்கு லட்சம் உயிர்கள் போயின என்று 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாற்பது லட்சம் பேர் வீடு வாசலை விட்டு ஓடினர். இத்தனைக்கும் சண்டையிட்ட இரு தலைவர்களும் கிறிஸ்தவர்கள்! சல்வா கீர் கத்தோலிக்கர். மச்சார் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். இதை எழுதும்போது எங்களுக்கே வெட்கமாக இருக்கிறது.

2018 செப்டம்பரில் மீண்டும் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் இத்தலைவர்கள் வத்திக்கானில் இரண்டு நாள் தியானத்திற்கு அழைக்கப்பட்டனர். கேன்டர்பரிப் பேராயராக இருந்த ஜஸ்டின் வெல்பியும் இதற்கு உடன் உழைத்தவர். 2019 ஏப்ரல் 11 அன்று, தியானத்தின் முடிவில், எண்பத்திரண்டு வயது நிறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், கால்வலியைப் பொருட்படுத்தாமல் குனிந்து மண்டியிட்டு, அத்தலைவர்களின் பாதங்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டார். பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவர் பாதங்களைக் கழுவுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். ஆனால் நாட்டையே சுடுகாடாக்கிய போருக்குப் பொறுப்பானவர்களின் கால்களை முத்தமிடுவது வேறு. அவர்களும் திகைத்தார்கள். 2020 பிப்ரவரியில் கூட்டு அரசு அமைந்தது.

தலைவர்கள் கைகுலுக்கிவிட்டார்கள், ஆனால் கிராமங்களில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. காரணம் என்ன? இங்குதான் மாட்டின் கதை வருகிறது.

டிங்கா, நூயர் ஆகிய இரு இனத்தாருக்கும் மாடே செல்வம், மாடே மானம். பிள்ளைப் பருவம் கடந்த டிங்கா இளைஞன் தனக்கென ஒரு காளையைப் பெறுகிறான்; அக்காளையின் நிறத்தாலேயே அவனுக்குப் பட்டப் பெயரும் அமைகிறது; அதன்மேல் பாட்டுக் கட்டிப் பாடுகிறான். வறட்சிக் காலத்தில் மந்தையோடு புல்லும் நீரும் தேடிப் பட்டி போட்டு வாழ்கிறார்கள். இதெல்லாம் கேட்க இனிமைதான். ஆனால் திருமணம் என்று வரும்போது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடுகள் கொடுக்க வேண்டும். பத்து, ஐம்பது, நூறு என்று குடும்பத்தின் தகுதிக்கேற்ப எண்ணிக்கை ஏறும். 2018-ஆம் ஆண்டு ரும்பெக் இருக்கும் அதே ஏரிகள் பகுதியில் ஒரு பெண்ணுக்குப் பலர் போட்டியிட, ஐந்நூறு மாடுகளுக்கு மேல் போனது. ஏலம் போலவே நடந்த அச்செய்தி முகநூல் வழியாக உலகெங்கும் பரவியது.

இவ்வழக்கத்தை நாம் உடனே இகழ்ந்துவிட வேண்டாம். அம்மாடுகள் தந்தை ஒருவருக்கே போவதில்லை. சித்தப்பா, பெரியப்பா, மாமன் என்று உறவினர் பலருக்கும் பங்கு உண்டு. இரு குலங்களைப் பகையில்லாமல் பிணைக்கும் கயிறாகவும் அது முற்காலத்தில் இருந்தது. நம் நாட்டில் 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும், பெண்ணைப் பெற்றவர்கள் இன்னும் பெருமூச்சு விடுகிறார்கள் அல்லவா? அங்கு மாடு, இங்கு நகை. பேரம் என்னவோ பெண்ணை வைத்துத்தான்.

போர் வந்ததும் அந்தக் கயிறு அறுந்தது. மாடுகளை இழந்து நொடித்துப் போன குடும்பத்திற்கு, இழந்ததை மீட்கும் ஒரே வழி வயதுக்கு வந்த மகள். அவள் பதினான்கு, பதினைந்து வயதிலேயே மணமுடிக்கப்படுகிறாள். மறுபுறம், மாடில்லாத இளைஞனுக்குப் பெண் கிடையாது. முன்பு அவன் ஈட்டியோடு அண்டை ஊர் மந்தையைக் கொள்ளையிடச் செல்வான், ஓரிருவர் காயமடைவர், மூப்பர்கள் கூடித் தீர்ப்பார்கள். போருக்குப் பின் ஈட்டியின் இடத்தில் இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. ஒரு கொள்ளையில் இருபது, முப்பது பேர் விழுகிறார்கள். அதற்குப் பழி, அப்பழிக்குப் பழி என்று நீள்கிறது. ஆக, சிறுமியின் திருமணமும் மாட்டுக் கொள்ளையும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்கள். உடன்படிக்கைத் தாள் இந்தச் சக்கரத்தைத் தொடுவதே இல்லை.

திருச்சபைகள் இதை நெடுநாட்களுக்கு முன்பே உணர்ந்திருந்தன. இரண்டாம் போர் நடந்து கொண்டிருந்தபோதே, 1999-இல், வுன்லிட் என்னும் சிற்றூரில் டிங்கா, நூயர் மூப்பர்களையும் பெண்களையும் திருச்சபை மன்றத்தார் ஒன்று கூட்டினர். ஒரு பக்கத்தார் தம் துயரங்களைச் சொல்ல மறுபக்கத்தார் குறுக்கிடாமல் கேட்க வேண்டும்; பிறகு அவர்கள் முறை. பிடித்துச் சென்ற பெண்களையும் பிள்ளைகளையும் திருப்பி அனுப்புவது, மேய்ச்சல் நிலத்தைப் பொதுவாக்குவது என்று முடிவு செய்தனர். அவர்கள் வழக்கப்படி ஒரு வெள்ளைக் காளை பலியிடப்பட்டது. ஆயர்கள் அமர்ந்திருந்த கூட்டத்தில் காளைப் பலியா என்று நமக்குத் தோன்றலாம். மக்கள் எம்மொழியில் சத்தியம் செய்தால் அதைக் காப்பார்களோ, அம்மொழியில் அல்லவா சத்தியம் வாங்க வேண்டும்?

இனிப் பள்ளிக்கு வருவோம்.

அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த லொரேட்டோ சபைக் கன்னியர் ரும்பெக் ஆயரின் அழைப்பை ஏற்றுச் சென்று, 2008-இல் அங்கு பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினர். இச்சபை நமக்குப் புதிதன்று. கொல்கத்தாவின் புனித தெரேசா முதலில் சேர்ந்தது இச்சபையில்தான். இதன் வேர் பதினேழாம் நூற்றாண்டின் மேரி வார்டு அம்மையாரிடம் இருக்கிறது. மடத்துச் சுவருக்குள் அடைபடாமல் வெளியே சென்று பெண்பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் கன்னியர் சபை வேண்டும் என்று முனைந்த அவரைத் திருச்சபை அதிகாரிகளே 1631-இல் சிறைப்படுத்தினர். அத்தகையவரின் வழிவந்தோர் ரும்பெக் போன்ற இடத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

பள்ளியின் தலைமையை ஏற்ற அருட்சகோதரி ஓர்லா ட்ரேசி 2006-லேயே அந்நாட்டிற்குச் சென்றவர். கட்டடம் எழுப்புவது கடினமாக இருந்திருக்கும். ஆனால் சேர்ந்த மாணவியைக் கடைசி வகுப்புவரை தக்க வைப்பது அதைவிடக் கடினம் என்பது விரைவிலேயே தெரிந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற பெண் திரும்பி வருவாள் என்பதற்கு உறுதி இல்லை. மாடுகளோடு ஒருவர் வந்து பேசி முடித்திருப்பார். ஆகவே பள்ளியை விடுதிப் பள்ளியாக்கினர். அத்துடன் ஓர் ஏற்பாடும் செய்தனர். மகளைச் சேர்க்க வரும் தந்தையோ, காப்பாளரோ, படிப்பு முடியும்வரை அவளைத் திருமணத்திற்காக அழைத்துச் செல்வதில்லை என்று எழுத்தில் உறுதிகூற வேண்டும். உறுதி தந்தால்தான் இடம்.

நம் விடுதியில் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். முறுக்கும் பழமும் எதிர்பார்த்து வாயிலில் நிற்கிறோம். அங்கு ஒரு பெண், வருகிறவர் முகத்தைப் பார்த்தே, தன்னைப் பார்க்க வந்தாரா, கொண்டுபோக வந்தாரா என்று அறிய வேண்டியிருக்கிறது. அந்த வேளையில் அவளுக்காக வாயிலில் நின்று, எழுதித் தந்த உறுதியை எடுத்துக் காட்டி, மரியாதையாகவும் பிடிவாதமாகவும் பேசுவது கன்னியரின் அன்றாட வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு முறையும் வெற்றி கிட்டுவதில்லை.

பல இனப் பெண்கள் ஒரே கூடத்தில் உறங்கி, ஒரே பானையில் சமைத்ததை உண்டு, ஆங்கிலமும் கணக்கும் விஞ்ஞானமும் கற்கிறார்கள். பின்னர் அதே வளாகத்தில் தொடக்கப் பள்ளியும் மருந்தகமும் எழுந்தன. படிப்பை முடித்தவர்களில் சிலர் அங்கேயே சிறுவர்க்குக் கற்பிக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெண்களில் பத்தில் மூவருக்கு மட்டுமே எழுதப் படிக்கத் தெரிந்த நாடு அது. பாதிப் பெண்களுக்குப் பதினெட்டு வயதுக்குள் திருமணம் ஆகிவிடுகிறது. அப்படியிருக்க, படித்து முடித்த ஒரு பெண் கரும்பலகை முன் நிற்பதே ஊருக்கு ஒரு செய்தி. தன் மகளைப் பதினைந்து வயதில் மாட்டுக்குக் கொடுக்க அவள் எளிதில் இசைவாளா?

2023 பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூபாவுக்கு வந்தார். பேராயர் வெல்பியும், அப்போது ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தலைவராயிருந்த அயன் கிரீன்ஷீல்ட்ஸும் உடன் வந்தனர். மூன்று சபைகளின் தலைவர்கள் சேர்ந்து செய்த சமாதானத் திருப்பயணம் அது. ரும்பெக்கிலிருந்து ஜூபா முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. ஆங்காங்கே கொள்ளையும் துப்பாக்கிச் சூடும் நடக்கும் சாலை. அவ்வழியே ரும்பெக் மறைமாவட்டத்தின் இளைஞரும் இளம்பெண்களும் ஒரு குழுவாக ஒன்பது நாட்கள் திருப்பயணம் நடந்தார்கள். அருட்சகோதரி ஓர்லாவும் நடந்தார். ரும்பெக் ஆயராக இருந்த கிறிஸ்டியான் கார்லஸ்ஸாரேயும் நடந்தார். இவர் 2021 ஏப்ரலில், ஆயராக நியமனம் பெற்று ரும்பெக்குக்கு வந்த சில நாட்களிலேயே, இரவில் வீட்டில் புகுந்தவர்களால் இரு கால்களிலும் சுடப்பட்டவர். மருத்துவமனையிலிருந்தே அவர்களை மன்னிப்பதாகச் சொல்லியனுப்பியவர். அந்தக் கால்களோடுதான் நடந்தார்.

அவர்கள் ஜூபாவை அடைந்த அந்நாட்களிலேயே, அதே மாநிலத்தில் மாட்டுக் கொள்ளையை ஒட்டிய மோதலில் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். திருத்தந்தை வருகிறார் என்பதற்காகத் துப்பாக்கிகள் காத்திருக்கவில்லை.

கன்னியருக்கும் அங்கு பாதுகாப்பு இல்லை. 2021 ஆகஸ்ட் 16 அன்று, ஒரு பங்கின் நூற்றாண்டு விழாவில் கலந்துகொண்டு ஜூபா திரும்பிய பேருந்து வழிமறிக்கப்பட்டது. திரு இருதய சபையைச் சேர்ந்த அருட்சகோதரிகள் மேரி அபுத், ரெஜினா ரோபா இருவரும் கொல்லப்பட்டனர். இவர்கள் வெளிநாட்டினர் அல்லர். அம்மண்ணிலே பிறந்து, அம்மண்ணுக்கே உழைத்தவர்கள். நம் சிற்றாலயத்தில் அவர்களை நினைத்து மன்றாடுவது நமக்கு உரிய கடமை என்றே நினைக்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, மார்ச் மாதத்தில், அவர் முத்தமிட்ட பாதங்களுக்குரியவரான மச்சார் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். செப்டம்பரில் அவர்மேல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. 2024 டிசம்பரில் நடக்கவிருந்த தேர்தல் 2026 டிசம்பருக்குத் தள்ளி வைக்கப்பட்டது. சுதந்திரம் பெற்றபின் அந்நாட்டு மக்கள் வாக்குச் சாவடிக்குப் போகும் முதல் தேர்தலாக அமைய வேண்டியது அது. அது எந்நாளில் நடந்தாலும், வாக்குச் சீட்டைப் பிறர் உதவியின்றித் தாமே படித்துப் பார்க்கக்கூடிய பெண்கள் சிலர் ரும்பெக்கில் வரிசையில் நிற்பார்கள்.